ஜிமிக்கி ஏன் பாதியில நிக்குது

அந்தக் காலத்துல எல்லாத்துக்கும் வாய் இருந்துச்சு. காக்கா பேசும், கத்திரிக்கா பேசும், வாய்க்கால்ல கெடக்குற கல்ல மிதிச்சா அதுகூட "பாத்துப் போப்பா"ன்னு சொல்லும். பேச ஆளுக்குக் கொறச்சலே இல்ல. கேக்கத்தான் ஆளு கம்மி. அதுல மட்டும் இன்னைக்கு வரைக்கும் பெரிய மாத்தம் ஒண்ணும் இல்ல.

அப்ப ஆத்தங்கரையில குத்தாலிங்கம்னு ஒரு ஆசாரி இருந்தாரு. தங்க வேலை. அதுலயும் காது நகை மட்டுந்தான் செய்வாரு. மோதிரம் வேணும்னு யாராவது வந்தா, "வெரலுக்கு வேற ஆளப் பாருங்க, நான் கழுத்துக்குக் கீழ எறங்குறதில்ல"ம்பாரு.

இப்ப உள்ள மாதிரி ஜிமிக்கியெல்லாம் அன்னைக்குக் கெடையாது. பொம்பளைங்க காதுல பனையோலையச் சுருட்டிச் சொருகியிருப்பாங்க. வசதி உள்ளவங்க காதுல குண்டு தொங்கும். தங்கத் தகட்டக் குழியச்சுல வச்சித் தட்டித் தட்டி ரெண்டு சின்னக் கிண்ணமாக்குவாங்க. ஒண்ணு மேல ஒண்ணக் கவுத்து, பொடி வச்சு, ஊதுகுழல்ல ஊதி ஒட்டுவாங்க. தகடு மெல்லிசு இல்லையா, காதச் சொறிஞ்சாலே நசுங்கிரும். அதனால ஊசி ஓட்டை ஒண்ணு விட்டு, அது வழியா அரக்க உருக்கி ஊத்தி, ஓட்டைய அடச்சிருவாங்க. நெல்லிக்கா மாதிரி உருண்டையா ஒரு நகை. உள்ள என்ன இருக்குன்னு ஆசாரிக்கும் அரக்குக்கும் மட்டுந்தான் தெரியும்.

ஆசாரிகிட்ட ஒரு வழக்கம். அரைவேலைய யாரு கண்ணுலயும் காட்ட மாட்டாரு. யாராவது பட்டறைக்குள்ள காலெடுத்து வச்சா, டப்புன்னு துணியப் போட்டு மூடிருவாரு. "முடியாத நகைய ஒருத்தர் பாத்தா கண்ணு பட்டுரும், குண்டு கோணிரும்"னு அவங்க அப்பா சொன்னாராம். அவங்க அப்பாவுக்கு அவங்க அப்பா. பெண்டாட்டி ஆவுடை மோர் கொண்டாந்து வச்சாக்கூட மொதல்ல துணி, அப்புறந்தான் மோர்.

அந்தப் பட்டறையோட பின்சுவத்துல ஒரு பொந்து. அதுல ஒரு குருவிச் சோடி. ஆம்பளைக்குப் பேரு நல்லான், பொம்பளைக்குப் பேரு பவளி. தூக்கணாங்குருவின்னு இன்னைக்குச் சொல்லுறோம்லா, அந்தச் சாதி. அப்ப அதுக்கு அந்தப் பேரு கெடையாது. தூக்கி எதையும் தொங்கவிடத் தெரியாது, கெடச்ச பொந்துல புல்ல மெத்தையாப் போட்டு முட்டை வைக்கும், அவ்வளவுதான்.

நல்லான் ஒரு குசும்பன். ஆசாரி ஊதுகுழல எடுத்து "பூ"ன்னு ஊதுனா, பொந்துக்குள்ளேருந்து அதுவும் "பூ"ன்னு ஊதும். ஆசாரி சுத்தியலால "டிக் டிக்"னு தட்டுனா, அலகால மரத்துல "டிக் டிக்". ஆசாரி திரும்பிப் பாத்தா, "என்ன ஆசாரியாரே, வேலை எப்படிப் போகுது"ன்னு ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கும்.

"நீ செய்யுத வேலைக்கு உனக்குக் கூலி கொடுக்கணும்வே."

"கூலி வேண்டாம். பவளி சிரிச்சா போதும்."

பவளி சிரிப்பா. மத்த குருவிக சிரிக்கும்போது வாயத் தொறந்து கத்தும். பவளி தலையக் கொஞ்சம் சாய்ப்பா, அவ்வளவுதான். அந்தச் சாய்ப்புக்காக நல்லான் ஒரு நாள் பூரா ஊதும்.

ஒரு நாள் ரெண்டும் வயலுக்கு இரை தேடப் போயிருந்த நேரத்துல, சுவத்து வழியா ஒரு சாரைப்பாம்பு ஏறிப் பொந்துக்குள்ள தலைய விட்டுச்சு. திரும்பி வந்து பாத்தா மெத்தை இருக்கு, பவளி வச்சிருந்த முட்டையக் காணும்.

நல்லான் கத்துச்சு. பவளி கத்தல. மறுநாள் பேசுனா.

"நான் அக்கரைக்குப் போறேன்."

"எதுக்கு?"

"அங்க நாணல் இருக்கு."

"நாணல் இங்கயும்தான் இருக்கு."

"அங்க இந்தப் பொந்து இல்ல."

பவளி பொந்து விளிம்புல நின்னு சொன்னா, "பாம்பு ஏறாத எடத்துல, காத்துல முட்டை உருண்டு விழாத மாதிரி ஒரு வீடு உங்களால கட்ட முடிஞ்சா சொல்லி அனுப்புங்க. வந்து பாக்கேன்."

"வந்து இருப்பியா?"

"பாக்கேன்னுதான் சொன்னேன்."

போயிட்டா. ஆறுன்னா பெரிய ஆறு. இந்தக் கரையிலேருந்து பாத்தா அந்தக் கரை நாணல் ஒரு பச்சைக் கோடு மாதிரி தெரியும். சாயங்காலம் அந்தக் கோட்டுலேருந்து குருவிச் சத்தம் வரும். கூட்டமாக் கத்தும். அத்தனை சத்தத்துலயும் பவளி சத்தத்த நல்லான் தனியாப் பிரிச்சுக் கேக்கும். கேட்டு முடிச்சு, இருட்டுறதுக்குள்ள பொந்துக்குத் திரும்பும். உள்ள போகாது. வெளியவே உக்காந்துக்கும்.

ஆசாரி ஊதுனாரு. பதில் "பூ" வரல. தட்டுனாரு. ஒண்ணும் வரல.

"என்னவே, கூலி கொறஞ்சு போச்சா?"ன்னு கேட்டாரு. நல்லான் நடந்ததச் சொல்லுச்சு. ஆசாரி ஊதுகுழலக் கீழ வச்சிட்டாரு. அந்த மனுசன் ஊதுகுழலக் கீழ வச்சா விசயம் பெரிசுன்னு அர்த்தம்.

அன்னைக்கு ஒரு குண்டுக்கு மெருகு போட்டு, காயட்டும்னு கூரை வளையில ஒரு கம்பியக் கட்டித் தொங்கவிட்டிருந்தாரு. ஒரு கட்டெறும்பு கம்பி வழியா எறங்கி வந்துச்சு. குண்டு மேல கால் வச்சுது. குண்டு ஆடுச்சு. எறும்பு வழுக்கித் தலைகுப்புற விழுந்துச்சு. மறுபடியும் ஏறி வந்துச்சு. மறுபடியும் விழுந்துச்சு.

நல்லான் எறும்பப் பாத்துச்சு. குண்டப் பாத்துச்சு. சுவத்தப் பாத்துச்சு.

"ஆசாரியாரே, எனக்கு ஒரு குண்டு வேணும். நான் உள்ள போயி இருக்குற அளவுக்கு."

"அவ்வளவு தங்கத்துக்கு ராசா வீட்டத்தான் இடிக்கணும்."

"தங்கம் வேண்டாம். கைவேலை போதும்."

"கைவேலையச் சொல்லிக் கொடுக்க உனக்குக் கை இருக்கா?"

"கண்ணு இருக்குல்லா. துணியப் போட்டு மூடாம இரும், நான் பாத்துக்கிடுதேன்."

ஆசாரி யோசிச்சாரு. குருவி கண்ணு கண்ணுல சேருமா சேராதான்னு அவங்க அப்பா சொல்லிட்டுப் போகல. அதனால விட்டுட்டாரு.

நல்லான் வேலை மேடைக்கு மேல உக்காந்து பாக்க ஆரம்பிச்சுது. ஆசாரி தங்கக் கம்பிய அச்சு ஓட்டையில விட்டு இழுத்து இழுத்து நூலா மெலிய வைப்பாரு. நல்லான் பனையோலை ஓரத்த அலகால கவ்வி, ஒரே இழுப்புல பறந்து, நாரு நாராக் கிழிச்சுது. ஆசாரி கம்பியச் சுத்தி முடி போடுவாரு. நல்லான் நார முடிஞ்சுது. ஆசாரி உள்ள அரக்கு ஊத்துவாரு. நல்லான் ஆத்தங்கரைக் களிமண்ண அலகுல அள்ளியாந்து உள்பக்கமா அப்புச்சு, காத்துல ரொம்ப ஆடாம கனம் நிக்கட்டும்னு. பட்டறையில தங்கப்பொடி பறந்து தலையில ஒட்டி, உச்சி மஞ்சளாப் போச்சு. ஆசாரி "போகும்போது தலைய உதறிட்டுப் போவே"ம்பாரு. அது உதறாமப் போயிரும். அந்தத் தலைய இன்னைக்கும் நீங்க பாக்கலாம்.

கைவேலையோட சேத்து ஆசாரியோட வழக்கத்தையும் அது கத்துக்கிட்டுது. அரைவேலைய ஒருத்தரும் பாக்கக் கூடாது. பட்டறைப் பக்கத்துக் கெணத்துக்கு மேல சாஞ்சு நின்ன பனைமரத்துல, அடர்ந்த ஓலைக்கு நடுவுல மறைச்சு மறைச்சுக் கட்டுச்சு. மைனா எட்டிப் பாத்தா வெரட்டும். கட்டி முடிச்சு, உருட்டி, வாசல் வச்சு, உள்ள மண்ணு காஞ்சபெறவுதான் அக்கரைக்குப் பறந்துச்சு.

பவளி வந்தா. ஓலை நுனியில கூடு தொங்குறதப் பாத்து அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியம். உள்ள போனா. நல்லான் வெளியில நின்னு றெக்கையப் படபடன்னு அடிச்சிக்கிட்டுது. கொஞ்ச நேரம் கழிச்சு வெளிய வந்தா.

"நல்லாருக்கு."

நல்லான் ஒரு சுத்து பறந்து வந்து உக்காந்துச்சு.

"நல்லாருக்கு. யாருக்குக் கட்டுனீங்க?"

"நமக்குத்தான்."

"உள்ள எனக்குத் திரும்ப முடியல. வாசல் மேக்க, மேகாத்து அடிக்குற பக்கம் இருக்கு. சாரல் அடிச்சா நேரா முட்டை மேலதான்."

"அதுக்கென்ன, மாத்திருவோம்"னு சொல்லி நல்லான் ஒரு நார இழுத்துச்சு. வரல. பலமா இழுத்துச்சு. காஞ்ச மண்ணோட ஒரு பக்கமே பிஞ்சு கெணத்துக்குள்ள விழுந்துச்சு. ரெண்டும் அந்தத் "தொபுக்" சத்தத்தக் கேட்டுக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் பவளி அக்கரைக்குப் போயிட்டா.

நல்லான் இன்னொண்ணு கட்டுச்சு. இந்தத் தடவ இன்னும் மறைச்சு, இன்னும் நெருக்கமாப் பின்னி, வாசலச் சுத்தி எருக்கம்பூவெல்லாம் ஒட்டி வச்சுது. பவளியக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. இந்தத் தடவ அவ உள்ள கூடப் போகல. வெளியில நின்னே பாத்துட்டு, "போன தடவைய விட நல்லாருக்கு"ன்னு சொன்னா. எல்லாம் முடிஞ்சபெறவு ஒருத்தி இப்படிச் சொல்லுறது, நல்லா இல்லன்னு சொல்லுறதவிட மோசம். சொல்லிட்டுப் போனா. தலை சாயல.

அன்னைக்குப் பட்டறைக்கு வந்து நல்லான் மேடையில விழுந்து கெடந்துச்சு.

"வேலையில குத்தம் உண்டா?"ன்னு கேட்டாரு ஆசாரி.

"இல்ல. நல்லாருக்குன்னுதான் சொன்னா."

"அப்புறம் என்னவே பொம்பள அவ? நல்லாருக்குன்னு சொல்லிட்டு எதுக்குப் போறா?"

மோர்ச் செம்போட ஆவுடை வாசல்ல நின்னா. ஆசாரி கை தன்னால துணிக்குப் போச்சு.

"மூடுங்க மூடுங்க"ன்னா ஆவுடை. "அப்புறம் முடிச்சுட்டுத் தொறந்து காட்டுங்க. நானும் நல்லாருக்குன்னு சொல்லுதேன்."

"இப்ப நீ எதுக்குளா குத்திப் பேசுத?"

"நான் எடது பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும். தெரியுமா உங்களுக்கு?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"உங்க குண்டு குத்துது. கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் மோட்டப் பாத்துத்தான் படுத்துக் கெடக்கேன். மோட்டுல எத்தனை ஓடு ஒடஞ்சிருக்குன்னு கேளுங்க, சொல்லுதேன்."

ஆசாரி செம்ப வாங்க மறந்துட்டாரு. "இத்தனை நாளு ஏன் சொல்லல?"

"எப்பச் சொல்ல? நீங்க துணிய எடுக்கும்போது எல்லாம் மூடி அடச்சு முடிஞ்சிருக்கும். மூடுனபெறவு 'நல்லாருக்கா'ன்னு கேட்டா, நல்லாருக்குன்னுதான் சொல்லணும். வேற என்ன சொன்னாலும் ஒடச்சு உருக்கணும்லா. ஒடைக்கச் சொல்ல மனசு வருமா?"

மோர மேடையில வச்சிட்டு அவ போயிட்டா. ஆசாரி மோட்டப் பாத்தாரு. நல்லான் எழுந்திரிச்சு உக்காந்துச்சு.

மறுநாள் நல்லான் ஒரு வேலை பாத்துச்சு. கைவேலைக்காரன் யாரும் செய்யத் துணியாத வேலை. மறைவான ஓலைய விட்டுட்டு, பனைமரத்துல ஊருக்கே தெரியுற மாதிரி வெளிய நீட்டிக்கிட்டு நின்ன ஓலை நுனியப் பிடிச்சுது. நாரக் கட்டுச்சு. வளைச்சுக் கீழ கொண்டாந்துச்சு. கவுத்த கிண்ணம் மாதிரி பாதி உருவம் வந்ததும், நடுவுல உக்கார ஒரு பாலம் மட்டும் வச்சு, வேலைய நிறுத்திட்டுது. கீழ வாய் ஆவுன்னு தொறந்து கெடக்கு. வாசலும் இல்ல, சுவரும் இல்ல. வந்தவன் போனவன் எல்லாம் அண்ணாந்து பாக்குறான்.

அதுக்குப் பக்கத்துல தொங்கிக்கிட்டு, றெக்கைய அடிச்சு, அக்கரையப் பாத்துக் கத்த ஆரம்பிச்சுது.

காக்கா வந்துச்சு. "என்னவே இது, தொப்பியா?"

"வீடு."

"மீதி?"

"வரும்."

"யாரு கொண்டாருவா?"

மைனா வந்துச்சு. மைனா சும்மா வருமா. நல்லான் கத்துற மாதிரியே கத்திக் காட்டுச்சு, றெக்கைய அடிக்குற மாதிரியே அடிச்சுக் காட்டுச்சு. மரத்துல இருந்த அத்தனையும் விழுந்து விழுந்து சிரிச்சுது. ஊருக்கெல்லாம் ஊதிக் காட்டுன நல்லானுக்கு இப்பத் தன்னையே ஒருத்தன் ஊதிக் காட்டுறான். அது காது வரைக்கும் சிவந்துச்சு. குருவிக்குக் காது எங்கன்னு கேக்காதீங்க. சிவந்துச்சு. ஆனா நார எடுத்துப் பாதிய மூடல. கத்துறதையும் நிறுத்தல.

இந்த வேடிக்கைய வேற யாருக்காவது சொல்லாட்டா காக்காவுக்குச் சோறு எறங்காது. நேரா அக்கரைக்குப் போச்சு. "ஏ பவளி, உன் வீட்டுக்காரன் ஊருக்கு நடுவுல அரைத் தொப்பியத் தொங்கவிட்டுக்கிட்டுக் கத்திக்கிட்டுக் கெடக்கான். புத்தி பிசகிட்டோ என்னமோ, போயிப் பாரு."

பவளி வந்தா. கூப்பிடாமலே வந்தா. ஒரு சுத்து சுத்திட்டு, கீழ் வழியா உள்ள ஏறி, பாலத்துல உக்காந்தா. கூடு லேசா ஆடுச்சு.

"ஏன் பாதியில நிக்குது?"

"மீதி எனக்குத் தெரியல. உனக்குத்தான் தெரியும்."

பவளி இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தா. அந்தப் பக்கம் திரும்பிப் பாத்தா. இந்தத் தடவ திரும்ப முடிஞ்சுது. ஒரு எடத்துல அலகால தொட்டா.

"முட்டை இந்தப் பக்கம். காத்து அடிச்சா உள்ளாற உருளணும், வெளிய உருளக் கூடாது."

நல்லான் பறந்து போயி ஒரு வாய் களிமண்ணோட வந்து, அவ தொட்ட எடத்துல அப்புச்சு. "அப்புறம்?"

"இங்க கொஞ்சம் அகலம் வேணும். ரெண்டு பேரு உக்காரணும்லா."

ரெண்டு பேரு. நல்லான் அந்த வார்த்தைய அப்படியே அலகுல பிடிச்சு வச்சுக்கிட்டுது. அகலம் ஆக்குச்சு. பவளி தலையக் கொஞ்சம் சாய்ச்சா.

"வாசல் எந்தப் பக்கம்?"

பவளி பட்டறைச் சுவத்தப் பாத்தா. அங்கேருந்து பாத்தா பழைய பொந்து கறுப்பாத் தெரியும். ரொம்ப நேரம் பாத்தா.

"எனக்கு இப்பச் சொல்ல வரல"ன்னா. "யோசிச்சுட்டு வந்து சொல்லுதேன்."

"எப்ப?"

"வாரேன்."

போறேன்னு சொல்லல, வாரேன்னு சொன்னா. நல்லான் அதையும் பிடிச்சு வச்சுக்கிட்டுது.

அன்னைக்குச் சாயங்காலம் மேக்க கறுத்துச்சு. மழை பிடிச்சுது. மலையில என்ன பேஞ்சுதோ, ஆறு ரெண்டு கரையையும் தொட்டுக்கிட்டுப் போச்சு. அக்கரையில பச்சைக் கோட்டக் காணும். மழை ஓஞ்சதும் நல்லான் பறந்து போயிப் பாத்துச்சு. நாணல் பூராவும் தண்ணிக்கடியில. ஒரு குருவி இல்ல. கொக்குகிட்ட கேட்டா, "எல்லாம் மேக்க வயக்காட்டுப் பக்கம் போச்சு"ன்னுது. நாரை, "கெழக்க"ன்னுது. காக்கா ஒண்ணும் சொல்லல. காக்கா ஒண்ணும் சொல்லாத நாளு அது ஒண்ணுதான்.

மேக்க போகவா கெழக்க போகவான்னு நல்லான் ஆத்து நடுவுல பறந்துக்கிட்டே நின்னுச்சு. அப்பத்தான் அதுக்கு ஒரு பயம் வந்துச்சு. நாம இந்தப் பக்கம் தேடிப் போயி, அவ அந்தப் பக்கமா வந்து, கூட்டுல ஆளு இல்லன்னு திரும்பிட்டான்னா? ஒரே பறப்பா வந்து பனையில தொங்கிக்கிட்டுது. அதுக்கப்புறம் அந்த எடத்த விட்டு ரொம்ப தூரம் போகல.

நாளாச்சு. அவ வரல. ஒரு நாள் மைனா வந்துச்சு. இந்தத் தடவ கேலி பண்ணல.

"எப்பா நல்லான், நல்ல கூடுப்பா இது. ஒரு வாசல வச்சு முடி. வேற ஒருத்தி வருவா."

"முடிக்கலாம்"னுது நல்லான். "வாசல் எந்தப் பக்கம்னு அவ இன்னும் சொல்லலியே."

பட்டறை வாசல்ல நின்னு ஆசாரி இதக் கேட்டுக்கிட்டு இருந்தாரு. கையில அப்பத்தான் குழியச்சுலேருந்து எடுத்த ஒரு தங்கக் கிண்ணம். இன்னொரு பாதி உள்ள மேடையில கெடக்கு. அண்ணாந்து கூட்டப் பாத்தாரு. கையில உள்ளதப் பாத்தாரு. ரெண்டுக்கும் ஒரே உருவம்.

மூடத் துணியத் தேடல. கிண்ணத்த அப்படியே ஒரு கம்பியில மாட்டிக்கிட்டு அடுப்படிக்குப் போனாரு. ஆவுடை மாவு பெசஞ்சுக்கிட்டு இருந்தா.

"ஏளா, கொஞ்சம் இரு"ன்னு சொல்லி, கம்பியப் பிடிச்சு அவ காதுக்குக் கீழ தொங்கவிட்டாரு. "இப்பச் சொல்லு."

ஆவுடை கை மாவோட அப்படியே நின்னா. அந்த மனுசன் கையில துணி இல்லாம, அரைவேலையோட தன் முன்னால நிக்குறத அவ கண்டதே இல்ல. தலைய ஆட்டிப் பாத்தா. கிண்ணம் காதுக்குக் கீழ லேசா ஆடுச்சு. கழுத்த எடது பக்கமா, தோள் வரைக்கும் சாய்ச்சுப் பாத்தா. குத்தல.

"இது போதும்"னா.

"இது பாதிதான்ளா. இன்னும் மூடணும், அரக்கு ஊத்தணும்."

"மூடாதீங்க. மூடுனா கனத்துரும்." கொஞ்சம் யோசிச்சு, "விளிம்புல மட்டும் பொடி மணியாக் கோத்து விடுங்க"ன்னா.

"மணி எதுக்கு?"

"பாதியில நிக்குறது சத்தமாவது போடட்டும்."

மேடையில கெடந்த மத்த பாதிய இன்னொரு காதுக்கு வச்சுக்கிட்டு, ஆசாரி கம்பியக் கத்தரிச்சு, கரியில வச்சு ஊதி, கடுகு கடுகா உருட்டி மணி செஞ்சாரு. ஒவ்வொண்ணுக்கும் ஆவுடையக் கூப்பிட்டுக் காட்டுனாரு. அவ "அது வேண்டாம், இது இருக்கட்டும்"னு சொல்லிச் சொல்லிக் கோத்தாங்க. அன்னைக்கு அவ ஒருக்களிச்சுப் படுத்தா.

மறுநாள் அதப் போட்டுக்கிட்டுக் கெணத்துக்குத் தண்ணி எடுக்கப் போனா. நடந்த நடைக்கு மணி சிணுங்குச்சு. மேல பனையில தொங்கிக்கிட்டிருந்த நல்லான் சட்டுன்னு திரும்பிப் பாத்துச்சு. ஆவுடைதான். மறுபடியும் ஆத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டுது. அடுத்த நாளும் அவ வந்தா. அடுத்த நாளும் அது திரும்பிப் பாத்துச்சு.

அன்னைலேருந்துதான் ஜிமிக்கிக்கு ஆசாரிமாரு வாய் மூடாம விடுறாங்க. அன்னைலேருந்துதான் தூக்கணாங்குருவியும் கூட்டப் பாதியில நிறுத்திட்டு, றெக்கைய அடிச்சு அடிச்சுக் கூப்பிடுது. வந்தவ உக்காந்து பாத்துச் சொன்னா மீதியக் கட்டும். சில கூடு அந்த வருசம் பூரா பாதியாவே தொங்கும். கெணத்துக்கு மேல காத்துல அது ஆடுறத நீங்களும் பாத்திருப்பீங்க. அதுக்கு வாசல் எந்தப் பக்கம்னு இன்னும் யாரும் வந்து சொல்லல.